பிள்ளை மாதிரி

குடிபெயர்ந்து வரும் பிராணிகள் பழைய ஊரை மறக்கும்வரை தனி அறையில் இருக்க வேண்டும் என்பது இந்தத் தீவின் சட்டம். மனிதர்களுக்கு அந்தத் தொல்லை கிடையாது. அவர்கள் படகிலேயே மறந்துவிடுகிறார்கள்.

நானும் மறந்துவிட்டேன். இறங்கும்போது என் மனைவி கோமளவல்லியிடம் நம் ஊர்ப் பெயர் என்ன என்று கேட்டேன். "சானாவில ஆரம்பிக்கும்" என்றாள். அதற்கு மேல் அவளுக்கும் வரவில்லை. தேங்காய் எண்ணெய் பாட்டில் ஒழுகியிருக்கிறதா என்று பையைத் திறந்து பார்த்துக்கொண்டாள்.

ஜமீன் மட்டும் எதையும் மறக்கவில்லை. வந்த திசையைப் பார்த்துக் கடலை நோக்கிக் குரைத்தான். ஜமீன் எங்கள் நாய். செம்மண் நிறம். ஒரு காது நிற்கும், இன்னொன்று நிற்கலாமா என்று யோசிக்கும். தெருவில் குட்டியாகக் கிடந்தபோதே, யாராவது வந்து விசிறட்டும் என்பதுபோலக் கையையும் காலையும் நீட்டிப் படுத்திருந்தான். அதனால் அந்தப் பெயர்.

எங்களுக்குக் குழந்தைகள் இல்லை. இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இறங்கிய இடத்தில் யாரும் கேட்கவில்லை.

தனிமைப்படுத்தும் நிலையம் படகுத்துறைக்குப் பக்கத்திலேயே இருந்தது. உள்ளே ஒரு நடைவழி. யாராவது "இன்னும் கொஞ்ச தூரம்தான்" என்று சொன்னால் அது இன்னும் கொஞ்சம் நீளும். எங்களுக்கு முன்னால் ஒருவர் கூடையில் பூனையோடு போய்க்கொண்டிருந்தார். அவர் பூனைக்கு ஆறுதலாக அதையே சொல்லிக்கொண்டு போனார். நிறுத்தச் சொல்லிக் கேட்டுக்கொண்டோம். "இதோ நிறுத்திடறேன், இன்னும் கொஞ்ச தூரம்தானே" என்றார்.

கடைசியில் ஓர் அறை வந்தது. மேசைக்குப் பின்னால் பெர்னதெத் மேடம் உட்கார்ந்திருந்தார். அவர்தான் அதிகாரி. கழுத்தில் இஞ்ச் டேப் தொங்கியது. சுவர் ஓரமாக ஒரு பெஞ்சு. அதில் நாலு பேர்.

"இவங்கல்லாம் யாரு?" என்று கேட்டாள் கோமளவல்லி.

"நாலு பேர்" என்றார் மேடம்.

"அது தெரியுது."

"எந்த ஊர்லயும் நாலு பேர் இருப்பாங்கல்ல? நாங்க வேலைக்கே வெச்சிருக்கோம்."

நாலு பேரும் எங்கள் பக்கம் பார்க்காமல் தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு என்னவோ எங்களைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று தோன்றியது. சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டேன்.

பூனைக்காரரை மேடம் கூப்பிட்டார்.

"இது உங்களுக்கு என்ன வேணும்?"

"ஒண்ணும் வேணாங்க. பூனை."

மேடம் பூனையின் கண்ணுக்குள் உற்றுப் பார்த்தார். அது ஊரை மறந்திருந்தது. கூட்டி வந்தவரையும் மறந்திருந்தது. போகலாம் என்றார் மேடம். பூனை ஒரு பக்கம் போனது, அவர் ஒரு பக்கம் போனார்.

அடுத்து நாங்கள். மேடம் என்னைக் காட்டி, "இவரு யாரு?" என்று கோமளவல்லியைக் கேட்டார்.

"எங்க வீட்டுக்காரர்."

"வாடகை வாங்க வந்திருக்காரா?"

"இல்லீங்க, கூடவே இருக்கறவர்."

"அப்ப குடித்தனக்காரர்னு சொல்லுங்க. நாய் பேரு?"

"ஜமீன்."

"ஜமீனையெல்லாம் ஒழிச்சு ரொம்ப நாளாச்சே."

"இவன் ஒருத்தன் பாக்கி" என்றாள் கோமளவல்லி. மேடம் சிரிக்கவில்லை. இந்த ஊரில் யாரும் எதையும் வேடிக்கையாக எடுத்துக்கொள்வதில்லை என்பது அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். நான் மந்தம்.

மேடம் என் பக்கம் திரும்பினார். "இது உங்களுக்கு என்ன வேணும்?"

பதில் எனக்குத் தெரியும். வாயிலேயே இருந்தது. வீட்டில் நாங்கள் அவனைப் பிள்ளை என்றுதான் சொல்வோம். பிள்ளை சாப்பிட்டானா, பிள்ளைக்குக் குளிருது, பிள்ளை இன்னைக்கு ஏன் ஒரு தினுசா இருக்கான் என்று நாள் முழுக்க அதே பேச்சுதான். மாடியில் குடியிருந்தவர்கள் எங்களுக்கு நிஜமாகவே ஒரு பையன் இருப்பதாக நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் இங்கே பெஞ்சில் நாலு பேர் இருந்தார்கள். அதில் ஒருவர் என் பக்கம் மெல்லத் திரும்பினார். நரைத்த மீசை வைத்த ஒரு மனுஷன், நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு, இது என் பிள்ளை என்று சொல்வதா? எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அதனால் ஒரு சொல்லைக் கூடச் சேர்த்தேன். வெளியே கிளம்பும்போது தோளில் ஒரு துண்டைப் போட்டுக்கொள்வதுபோல.

"பிள்ளை மாதிரிங்க" என்றேன்.

மேடத்தின் முகம் மலர்ந்தது. "மாதிரியா? இதை முதல்லயே சொல்லக் கூடாதா சார்?"

எழுந்து நின்றார். இஞ்ச் டேப்பால் ஜமீனின் வாலை அளந்தார். "எல்லாத்துக்கும் மாதிரி இருக்கு எங்ககிட்ட. பிள்ளைக்கு மட்டும் இல்லாம இருந்துச்சு. ஊர்ல ஆளாளுக்கு ஒரு தினுசா வளக்கறாங்க. ஒரு அளவே கிடையாது. இனிமே கவலையில்ல."

ஜமீனின் கழுத்தில் ஓர் அட்டையைக் கட்டினார். 'மாதிரி' என்று அதில் இருந்தது.

"எப்ப திருப்பித் தருவீங்க?" என்று கேட்டாள் கோமளவல்லி.

"மாதிரியைத் திருப்பித் தர்ற வழக்கம் இல்லம்மா."

"ஊரை மறந்ததும் குடுத்துடுவாங்கன்னு சொன்னாங்களே."

"அது பிராணிக்கு. இது பிராணி இல்லன்னு சாரே சொல்லிட்டாரு."

கோமளவல்லி என்னைப் பார்த்தாள். நான் ஜமீனைப் பார்த்தேன். ஜமீன் தன் நடையில், அவசரமே இல்லாமல், உள்கதவை நோக்கிப் போனான். திருப்பத்தில் நின்று எங்களைப் பார்த்தான். "வந்துடறோம்டா" என்று சொன்னேன். எங்கே வருவோம், எப்படி வருவோம் என்பது எனக்குத் தெரியாது. அவன் நம்பிவிட்டான். அதுதான் எனக்கு இன்றுவரை தாங்க முடியவில்லை.

எங்களுக்கு ஒரு வீடு கொடுத்தார்கள். நல்ல வீடு. காற்று வரும். ஆனால் வாசற்படி மட்டும் தினமும் கொஞ்சம் அகலமாகிக்கொண்டு வந்தது. ஒரு நாய் படுக்கும் அளவுக்கு வந்ததும் நின்றுவிட்டது.

கோமளவல்லி பழக்க தோஷத்தில் தினமும் கொஞ்சம் தயிர்சாதத்தைத் தனியாக எடுத்து வைத்தாள். பிறகு அதை நாங்களே பங்கு போட்டுச் சாப்பிட்டோம். உப்பில்லாமல் இருந்தது. உப்பு வேண்டும் என்று நான் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் மாதிரிக் கூடத்துக்குப் பார்வையாளர்களை விடுவார்கள். நீண்ட கூடம். இரண்டு பக்கமும் கண்ணாடி அலமாரிகள், பாதி திறந்தே கிடந்தன. இந்த ஊர்த் துறையில் வந்து இறங்கிய ஜனங்கள் வாய் தவறிச் சொன்னதெல்லாம் அங்கே இருந்தது. ஒரு ஜாடியில் மழை மாதிரி. யாரோ வானத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு கம்பளிக்குள் காய்ச்சல் மாதிரி. தொட்டுப் பார்த்தேன், சுட்டது. ஒரு தட்டில் எதுவும் இல்லை. கீழே 'பசிக்கிற மாதிரி' என்று எழுதியிருந்தது.

அதற்கு அடுத்த அலமாரியில் வெள்ளை வேட்டி சட்டையில் ஒருவர் சிரித்துக்கொண்டு நின்றார். 'நல்லவன் மாதிரி' என்று கழுத்தில் அட்டை.

"நீங்க எப்படி இங்க?" என்று கேட்டேன்.

"மச்சான் சொன்னாருங்க. இவன் நல்லவன் மாதிரிதான் தெரியறான்னு."

"வெளிய வர முடியாதா?"

"வந்தா கெட்டுடுவேன்" என்றார், சிரிப்பு மாறாமல்.

ஜமீன் கடைசி அலமாரியில் இருந்தான். எங்களைப் பார்த்ததும் எகிறிக் குதித்தான். மூக்கைக் கண்ணாடியில் வைத்து அழுத்தினான். மூச்சில் கண்ணாடி மங்கியது. கோமளவல்லி இந்தப் பக்கத்திலிருந்து அதே இடத்தில் கையை வைத்தாள்.

சின்னப் பிள்ளைகளோடு ஒரு வரிசை நின்றது. மேடம் கண்ணாடிக் கதவைத் திறக்க, தாய்மார்கள் ஒவ்வொருவராகத் தங்கள் பிள்ளையை உள்ளே ஜமீனுக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். பெர்னதெத் மேடம் இரண்டு பேரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். யார் முதலில் ஓடி வருகிறார்கள் என்று பார்ப்பார். காதைத் தூக்கிப் பார்ப்பார். வெளியே போய் உடனே திரும்பி வருவார். ஜமீன் அவரைப் பல வருஷம் கழித்துப் பார்ப்பதுபோலத் துள்ளுவான். பிள்ளை தேமே என்று நிற்கும்.

"இன்னும் கொஞ்சம் சந்தோஷம் வேணும்மா" என்று மேடம் அந்தத் தாயிடம் சொல்வார். "வீட்ல பழக்குங்க. அடுத்த வாரம் கூட்டிட்டு வாங்க."

ஊர் மாறிவிட்டது. எங்கள் தெருப் பிள்ளைகள் சாயங்காலமானால் வாசற்படியில் தலையைச் சாய்த்துப் படுத்து அப்பா வருகிறாரா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பா தெருமுனையில் தெரிந்ததும் பாய்ந்து ஓடினார்கள். அப்பாக்கள் சாமான் பையைக் கீழே போட்டுவிட்டுத் தெருவிலேயே உட்கார்ந்து அழுதார்கள். திட்டினாலும் பிள்ளைகள் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. தட்டில் போட்டதைச் சாப்பிட்டார்கள்.

எதிர்வீட்டுப் பெண்மணி எங்களுக்கு ஒரு கிண்ணம் சுண்டல் கொண்டு வந்து கொடுத்தாள். "உங்க புண்ணியத்துல என் பையன் என் காலடியிலயே கிடக்கான்" என்றாள். எங்கள் வாசற்படி காலியாக இருந்தது. அதைத் தாண்டித்தான் அவள் உள்ளே வந்தாள்.

அவள் போனதும் கோமளவல்லி சுண்டலை மூடி வைத்தாள்.

"என்னங்க, ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளு."

"பிள்ளைன்னு சொல்லியிருக்கலாம்ல?"

"நாலு பேர் இருந்தாங்க கோமளா."

"அந்த நாலு பேர்தான் இப்ப நம்ம பிள்ளையோட படுத்துக்கறாங்களா?"

அவள் குரலை உயர்த்தவில்லை. சண்டை போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. நான் எழுந்து போய்க் குளித்தேன். குளிக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

மறுநாள் மேடத்தைப் போய்ப் பார்த்தேன். சொன்ன சொல்லைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடியுமா என்று கேட்டேன்.

"தாராளமா" என்றார். "அதே இடத்துல நிக்கணும். அதே நாலு பேர் முன்னாடி அந்தச் சொல் இல்லாம சொல்லணும். நாலு பேரும் சரின்னு தலையாட்டணும்."

நாலு பேரும் ஒரே வீட்டில் இருந்தார்கள். நான் போனபோது கொய்யாப்பழத்தை நறுக்கி மிளகாய்த்தூள் தொட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் வந்த விஷயத்தைச் சொன்னேன். முதல் ஆள் காதுக்குப் பின்னால் கையைக் குவித்தார். இன்னொரு முறை சத்தமாகச் சொன்னேன்.

"அன்னைக்கு நீங்க என்ன சொன்னீங்க?" என்றார்.

"பிள்ளை மாதிரின்னு சொன்னேன்."

"அப்படியா? எங்களுக்குக் கேக்கல. நாங்க அப்ப கொய்யாப்பழத்தைப் பத்திப் பேசிட்டிருந்தோம்."

"நாலு பேருக்குமேவா?"

"எங்களுக்குக் காது மந்தம் சார். அதுக்காகத்தான் இந்த வேலைக்கே எடுத்தாங்க."

"ஒருத்தர் என் பக்கம் திரும்பிப் பார்த்தீங்களே?"

மூன்றாவது ஆள் வெட்கத்தோடு கையைத் தூக்கினார். "நான்தான். கழுத்து சுளுக்கிக்கிட்டிருந்துச்சு."

எனக்கு ஒரு துண்டு கொய்யா கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டேன். காயாக இருந்தது. அதை மென்றுகொண்டே வீடுவரை நடந்தேன். இந்த வழுக்கைத் தலைகளுக்குப் பயந்து நான் என் பிள்ளையைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். வழியில் ஓர் இடத்தில் நின்று என்னை நானே நன்றாகத் திட்டிக்கொண்டேன். பக்கத்தில் யாரும் இல்லை. இருந்திருந்தால் மெதுவாகத்தான் திட்டியிருப்பேன்.

சொல்லைத் திரும்ப வாங்கும் நாள் வந்தது. கோமளவல்லி நல்ல புடவை கட்டிக்கொண்டாள். நடைவழியில் நாங்கள் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அதனால் சீக்கிரம் வந்து சேர்ந்தோம்.

நாலு பேரும் பெஞ்சில் இருந்தார்கள். மேடம் ஜமீனைக் கூட்டிவந்து நடுவில் நிறுத்தினார். அவனுடைய இரண்டு காதுகளும் இப்போது நிமிர்ந்து நின்றன. எங்களைப் பார்த்துக் குதிக்கவில்லை. மரியாதையாக நின்றான்.

"இது உங்களுக்கு என்ன வேணும்?"

"என் பிள்ளை" என்றேன்.

நன்றாகச் சத்தமாகச் சொன்னேன். வானம் இடிந்துவிடவில்லை. ஜன்னலுக்கு வெளியே ஒருவர் சைக்கிளில் போனார், திரும்பிப் பார்க்கவில்லை. இவ்வளவுதானா என்று இருந்தது. இன்னொரு முறை சொல்ல வேண்டும்போல இருந்தது. "என் பிள்ளைங்க. என் பிள்ளை" என்றேன். நாலு பேரும் தலையாட்டினார்கள். சுளுக்குக்காரர் கொஞ்சம் சிரமப்பட்டு ஆட்டினார்.

மேடம் கத்திரிக்கோலால் அட்டையை அறுத்தார். கோமளவல்லி கையை நீட்டினாள்.

"கொஞ்சம் பொறுங்கம்மா" என்றார் மேடம். "பிராணியா இருந்தா இப்படியே கூட்டிட்டுப் போகலாம். பிள்ளைன்னு ஆயிடுச்சு. பிள்ளைன்னா அதையும் ஒரு வார்த்தை கேக்கணும்."

"அவன் எப்படிச் சொல்லுவான்?" என்றேன்.

"பேச்சு வந்துடுச்சு சார். ஊர்ப் பிள்ளைங்களையெல்லாம் பக்கத்துல நிறுத்தி நிறுத்தி, இந்தப் பக்கமும் கொஞ்சம் ஒட்டிக்கிச்சு."

மேடம் குனிந்து அவன் தாடையை நிமிர்த்தினார். "தம்பி, இவங்க உனக்கு என்ன வேணும்?"

"அம்மா" என்றான் ஜமீன். கொஞ்சம் கரகரத்த குரல். நல்ல குரல்தான். கோமளவல்லி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இவரு?"

ஜமீன் என்னைப் பார்த்தான். வால் ஆடியது. வாயைத் திறந்தான். அப்புறம் பெஞ்சில் இருந்த நாலு பேரையும் ஒரு பார்வை பார்த்தான். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். அவர்களுக்குக் காது கேட்காது என்று அவனுக்குச் சொல்ல நினைத்தேன். அதற்குள் சொல்லிவிட்டான்.

"அப்பா மாதிரி."

மேடம் இஞ்ச் டேப்பைக் கழற்றினார். "அப்பாவுக்கும் எங்ககிட்ட மாதிரி இல்லாமத்தான் இருந்துச்சு" என்றார். என் தோளை அளந்தார். அட்டை கழுத்தில் லேசாக உறுத்தியது. கோமளவல்லி ஏதோ சொல்ல வந்தாள். நான் வேண்டாம் என்று கையைக் காட்டினேன். அவளும் எதையாவது சொல்லி வைக்கப் போகிறாள் என்று பயமாக இருந்தது.

"முதல்ல அவனைக் கூட்டிட்டுப் போ" என்றேன்.

அவர்கள் போனார்கள். ஜமீனுக்குத் தான் சொன்னது எதில் முடிந்தது என்று புரியவில்லை. நான் பின்னாலேயே வருவேன் என்று நினைத்து ஒவ்வொரு தூணுக்கும் நின்று நின்று பார்த்தான். அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்தச் சொல்லை அவனுக்கு நான்தான் கொடுத்தேன். வேறு என்ன கொடுத்தேன் என்று யோசித்துப் பார்க்கிறேன். தயிர்சாதம்கூட கோமளவல்லி போட்டதுதான்.

இப்போது கடைசி அலமாரியில் இருக்கிறேன். வசதிக்குக் குறைவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் வருகிறார்கள். ஜமீன் டவுசர் போட்டிருக்கிறான். பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டார்களாம். கணக்கு வரவில்லையாம், ஓட்டப் பந்தயத்தில் முதலாம். கண்ணாடி கனமானது, இதையெல்லாம் கோமளவல்லி கையால் காட்டித்தான் சொல்கிறாள். அவர்கள் போன பிறகு அந்தத் திசையிலேயே திரும்பி நிற்கிறேன். திங்கட்கிழமை காலைக்குள் நேராகத் திரும்பிவிட வேண்டும். அன்றைக்கு அப்பாக்கள் வரும் நாள்.

கண்ணாடிக் கதவைத் திறந்து அப்பாக்களை என் பக்கத்தில் நிறுத்துகிறார்கள். மேடம் அவர்களுடைய பிள்ளையைக் காட்டி, இது உனக்கு என்ன வேணும் என்று கேட்கிறார். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் இஞ்ச் டேப்பைப் பிடித்துத் தயக்கத்தை அளக்கிறார். முதல் நாள் நான் தயங்கிய நீளம்தான் சரியான நீளம். அந்த அளவு மேடத்துக்கு ஞாபகம் இருக்கிறது.

நேற்று ஒருவர் வந்தார். படகில் வேலை பார்ப்பவர், சட்டையில் டீசல் கறை. தோளில் சின்னப் பெண் குழந்தை, இரண்டு கையாலும் அவர் முடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"இது உங்களுக்கு என்ன வேணும்?"

"என் மக" என்றார். கேள்வி முடிவதற்குள் சொல்லிவிட்டார்.

மேடம் டேப்பைப் பார்த்தார். "நீளம் பத்தல. மாதிரியை ஒரு தடவை நல்லாப் பாத்துக்குங்க."

அவர் என்னைப் பார்த்தார். நீங்கள் சொன்னதுதான் சரி, என்னைப் பார்க்காதீர்கள் என்று தலையை ஆட்டினேன். மாதிரி அசையக் கூடாது என்றார் மேடம். படகுக்காரர் என் முகத்தைக் கவனமாக, ஒவ்வொரு பாகமாகப் பார்த்துக்கொண்டார். கெட்டிக்காரர்.

மேடம் மறுபடி கேட்டார். அவர் எச்சிலை விழுங்கினார். சுற்றி யார் இருக்கிறார்கள் என்று பார்த்தார். அப்புறம்தான் சொன்னார்.

"இப்ப சரியா இருக்கு" என்றார் மேடம்.

தோளில் இருந்த பெண் குனிந்து அவர் முகத்தைத் தலைகீழாகப் பார்த்தது. பிறகு அவர் முடியிலிருந்து கையை எடுத்துக்கொண்டது.